குஞ்சம் கட்டிய சீட்டு

ஆபீஸிலிருந்து வந்த சந்துரு கேட்டைத் திறந்தான். திறந்த கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். எதிரே அவனுடைய மோட்டார் சைக்கிள். காலையில் சர்வீஸுக்குப் போன வண்டியைச் சொன்னபடியே ஆள் வைத்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்பர் சரி. நிறம் சரி. டேங்கின் இடது பக்கத்துக் கீறல்கூட அப்படியே இருந்தது. சீட்டுதான் அவனுடையது இல்லை.

அவனுடையது ஒற்றை சீட்டு. கறுப்புத் தோல். ஒரே ஒரு ஆசாமி உட்கார்ந்தால் அதோடு சரி. இப்போது அந்த இடத்தில் ரயில் பெஞ்சு மாதிரி நீளமாக ஒன்று படுத்துக்கிடந்தது. ரத்தச் சிவப்பு ரெக்சின். பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு. போதாததற்குச் சுற்றிலும் மஞ்சளும் பச்சையுமாகக் குஞ்சம். சாயங்காலக் காற்றில் குஞ்சங்கள் ஆடி அவனை வரவேற்றன.

சந்துரு கேட்டை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். வண்டியின் அழகு கெட்டுப்போனதே என்றா? அதை எப்படியோ பொறுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை போயிற்றே என்றுதான்.

வாரம் முழுக்க அவன் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நேர்ந்துவிடப்பட்டவன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மட்டும் அவன் அவனுக்கே சொந்தம். வண்டியை எடுப்பான். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி ஒரு கால்வாய்க் கரை, கரையில் ஒரு டீக்கடை. அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அங்கே யாரும் அவனைக் கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்றா என்று கேட்கமாட்டார்கள். மிக்ஸியை ரிப்பேருக்கு எப்போது கொடுக்கப்போகிறாய் என்று கேட்கமாட்டார்கள். ஒன்பது மணிக்குத் திரும்பும்போது அவன் முகத்தில் ஒரு களை இருக்கும்.

"நானும் வரட்டுங்களா?" என்று அவன் மனைவி தமிழ்ப்ரியா கேட்காமல் இல்லை. வண்டி வாங்கிய முதல் வாரமே கேட்டாள். சந்துரு அதற்கென்றே ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். "இந்த மாடலுக்கு ரெண்டாவது சீட்டே கெடையாது, ப்ரியா. கம்பெனி செய்யறதே இல்ல. நானும் எங்கெங்கயோ விசாரிச்சுட்டேன்."

அந்த இல்லாத சீட்டுதான் இப்போது குஞ்சத்தோடு வாசலில் நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில் என்ன நடந்திருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு மைசூரில் சக்கரம் வைத்த எதுவும் அழுக்காக நிற்கக் கூடாது. அதனால் முந்தின நாள் ஊரில் பாதி வண்டிகள் சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் சீட்டைக் கழற்றி ஒரு மூலையில் குவித்துவிட்டு வரிசையாகத் தண்ணீர் அடிப்பார்கள். திருப்பி மாட்டும்போது எவனோ கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிவிட்டான்.

அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு வந்துவிட்டாள் தமிழ்ப்ரியா. ஹனூர் பக்கம் ராமாபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பேர்தான் தமிழ்ப்ரியா, பள்ளிக்கூடத்தில் நடத்துவது கன்னடம். இரண்டு மொழியிலும் அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் இதுவரை இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, சீட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்னங்க சீட்டு?"

சந்துரு வாயைத் திறந்தான். 'மாத்திப் போட்டுட்டாங்க' என்று சொல்லத்தான் திறந்தான். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? 'அப்ப இந்த மாடலுக்கு ரெண்டாவது சீட்டு உண்டுங்களா?' வாயை மூடினான். மறுபடி திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"எப்படி? புடிச்சிருக்கா?"

"நீங்களா போடச் சொன்னீங்க?"

"பின்ன? வேற யாரு?"

"கம்பெனி செய்யறதே இல்லைன்னீங்க?"

"கம்பெனி செய்யாது. நான் சொல்லி செஞ்சேன். தனியா, உனக்குன்னு. ஆயுத பூஜைக்கு."

"குஞ்சங்கூடவா?"

"குஞ்சம் முக்கியம்னு நான்தான் சொன்னேன்."

தமிழ்ப்ரியா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "எங்கூரு பக்கத்துல இப்பிடித்தானுங்க குஞ்சம் வெப்பாங்க. அதெப்பிடிங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சந்துரு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சர்வீஸ் அட்வைசர் சுரேந்தரைக் கூப்பிட்டான். சுரேந்தரின் போன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டான். இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பூஜை நேரத்தில் அந்த ஆளுக்கும் ஆயிரம் வேலை என்று விட்டுவிட்டான்.

மறுநாள் வண்டிக்கு விபூதி, குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நீளமான சீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு முழம் மல்லிகை. எதிர்வீட்டுக் கௌரம்மா பார்க்க வந்து, "எஷ்டு சென்னாகிதே நோடி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று அவள் சொன்னது தன் வீட்டுக்காரருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக; அது தெரு முழுக்கக் கேட்டது. பூசணிக்காய் உடைத்து முடிப்பதற்குள், மனைவிக்காகச் சொல்லிவைத்து சீட்டு செய்த மகானாக சந்துரு ஆகிவிட்டான்.

பக்கத்து வீட்டுச் சேகரன் காம்பவுண்டுச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். ரயில்வேக்காரர். சாதாரணமாகச் சாந்தமான மனுஷர்.

"ஏன்ப்பா, நாங்க நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?"

"என்ன சார் ஆச்சு?"

"காலையிலிருந்து என் வீட்டில காபி இல்ல. 'அவரும் புருஷன்தான், நீங்களும் புருஷன்தான்'னு ஒரே பாட்டு. குஞ்சம் வேற வச்சிருக்கியாம். குஞ்சம் எதுக்குய்யா? உனக்கு மனசாட்சி வேண்டாமா?"

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லட்டுமா?"

"உண்மை கிண்மை எல்லாம் உன்கிட்டயே வச்சுக்கோ. ஒரு பில்டர் காபி கிடைக்குமான்னு உள்ளே கேட்டுச் சொல்லு."

சந்துருவுக்கு இதில் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. புகழ் கூடக் கூட, சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டுக்கொண்டே போனது.

விஜயதசமி சாயங்காலம் தமிழ்ப்ரியா தலைசீவிப் பூவைத்துக்கொண்டு வந்து நின்றாள். "லைட்டு பாக்கப் போலாமுங்களா?"

தசராவுக்கு மைசூர் ரோடெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள். ஊரே வண்டியை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கக் கிளம்பும். அதனால் எந்த வண்டியும் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. சந்துரு முன்னால், தமிழ்ப்ரியா பின்னால். பச்சையும் நீலமுமாக மின்னும் வளைவுகளுக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். அவன் தோளில் அவள் கை இருந்தது. மெதுவாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"மைசூரு வந்த நாள்லருந்து லைட்டு பாக்க பஸ்ஸுலயும் ஆட்டோவுலயுந்தானுங்க போயிருக்கறேன்," என்றாள். "எப்பவும் பாதிதான் தெரியும். மேல நிமிந்து முழுசாப் பாக்கறது இன்னைக்குத்தான்."

சந்துருவும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. வண்டியும் புது மாதிரி நிதானமாக ஓடியது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

"ஏனுங்க."

"ம்."

"இந்த ஞாயித்துக்கெழமைலருந்து நானும் உங்ககூட வர்றனுங்க. அந்தக் கால்வாக் கரையில அப்பிடி என்னதான் இருக்குதுன்னு பாக்கணும்."

சந்துரு பிரேக்கை அழுத்தினான். வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்தான். விடிவதற்குள் திட்டம் தயார். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. காதும் காதும் வைத்த மாதிரி சர்வீஸ் சென்டருக்குப் போவது, ஒற்றை சீட்டைத் திரும்ப மாட்டிக்கொள்வது. வீட்டுக்கு வந்து, "டிராபிக் போலீஸ் பிடிச்சுட்டாங்க. கம்பெனி போடாத சீட்டு போடக் கூடாதாம். கழட்டச் சொல்லிட்டாங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்வது. போலீஸைக் கூப்பிட்டு விசாரிக்க எந்தப் பெண்டாட்டியாலும் முடியாது.

சனிக்கிழமை சாவியை எடுத்தான்.

"எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"டயருக்குக் காத்து பிடிக்க."

"பாத்துப் போங்க. குஞ்சம் அழுக்காயிரப் போவுது."

ஹுணசூர் ரோட்டில் இருக்கிறது சர்வீஸ் சென்டர். உள்ளே நுழையும்போதே சந்துரு மார்பை நிமிர்த்திக்கொண்டான். வீட்டில் காட்ட முடியாத வீரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். அத்தனையையும் சுரேந்தர் மேல் இறக்கினான்.

"என்னய்யா சர்வீஸ் பண்றீங்க? ஒருத்தன் சீட்டு எது, இன்னொருத்தன் சீட்டு எதுன்னு பாக்கறதில்லையா? நாளைக்கு இன்ஜினையே மாத்திப் போட்டுட்டு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லுவீங்களா?"

சுரேந்தர் மைசூர்த் தமிழன். அவன் தமிழில் பாதி கன்னடம், கால்வாசி இங்கிலீஷ். அவன் விழித்தான். "சார், நீங்க... அந்த சீட்டு வேண்டாம்னா சொல்றீங்க?"

"வேண்டாம்."

"மேடம்..."

"மேடத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வண்டி என்னுது. என் ஒத்தை சீட்டு எங்கே?"

"இங்கதான் இருக்கு சார். அந்த குஞ்சம் சீட்டு மாரிசாமின்னு ஹனூர் கஸ்டமரோடது. பூச்சிமருந்துக் கடை வச்சிருக்காரு. உங்க ஒத்தை சீட்டோட ஊருக்குப் போயிட்டாரு. வாசல்ல வண்டிய நிறுத்தினதும் அவர் மிசஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம், 'அப்ப நான் எங்க உக்கார்றது?'ன்னு. இன்ஜினை ஆஃப்கூட பண்ணல சார். அப்படியே திருப்பிட்டு வந்துட்டாரு. அவருக்குப் புது சீட்டு குடுத்து அனுப்பிச்சோம்."

'கோழை' என்று மாரிசாமியைப் பற்றி நினைத்துக்கொண்டான் சந்துரு. அலமாரிக்குப் பக்கத்தில் தன் ஒற்றை சீட்டைப் பார்த்ததும் தொலைந்துபோன குழந்தை கிடைத்தாற்போல் இருந்தது.

"மாட்டு சீக்கிரம்."

சுரேந்தர் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினான். "இப்ப எல்லாம் ரூல் சார். எந்த வேலை ஆனாலும் கஸ்டமர் நம்பருக்கு ஓ.டி.பி. போகும். நீங்க சொன்னாத்தான் மெக்கானிக் கை வைக்க முடியும். போயிருக்கு பாருங்க."

சந்துரு போனைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

"உங்க நம்பர் இல்லையே சார். மேடம் நம்பர்தானே எங்ககிட்ட இருக்கு? வண்டி வாங்கும்போது நீங்கதானே குடுத்தீங்க."

குடுத்தது உண்மைதான். வண்டி விற்றவர்கள் அந்த ஆஃபர், இந்த ஆஃபர் என்று போன் மேல் போன் போட்டுப் பிராணனை வாங்குவார்கள், அந்த இம்சை தனக்கு வேண்டாம் என்று மனைவியின் நம்பரை எழுதிக் கொடுத்தவன் அவனேதான். அன்றைக்கு எவ்வளவு சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். இன்றைக்கு வேறு வழியில்லை. மூலைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டான்.

"ப்ரியா, உன் போனுக்கு ஏதாவது ஓ.டி.பி. வந்துச்சா?"

"வந்துச்சுங்க. எதுக்குங்க?"

"இன்சூரன்ஸுக்கு."

"இன்சூரன்ஸ் போன மாசந்தானுங்களே கட்டுனீங்க?"

"இது அதுக்கு மேல இன்னொரு இன்சூரன்ஸ்."

"நீங்க காத்து பிடிக்கத்தானுங்களே போனீங்க?"

"ஆமா. இங்கயே ஒரு ஏஜென்ட் உக்காந்திருக்காரு."

"காத்து பிடிக்கற எடத்துலயே இன்சூரன்ஸுங்களா! மைசூரு நல்லா முன்னேறிப் போச்சுங்க."

"நம்பரைச் சொல்லும்மா."

"கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டனுங்க. எழுத்து மங்கலா இருக்குது. தேடியெடுத்துட்டுக் கூப்படறேன்."

போன் வைக்கப்பட்டது. சந்துரு நெற்றியைத் துடைத்துக்கொண்டு காபி மெஷின் பக்கம் போனான். அந்தச் சமயத்தில் சுரேந்தரின் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டி கழுவுகிற இடத்துப் பக்கமாக ஒதுங்கினான். "ஹேளி மேடம்... ஹா மேடம்... ஆயித்து மேடம்..." என்று கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் சரி சரியென்று தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். சந்துரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் எத்தனையோ மேடம்கள்.

சுரேந்தர் திரும்பி வந்தான். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். "சார், சர்வர் கொஞ்சம் மக்கர் பண்ணுது. பழைய ஓ.டி.பி. ஆகல்லா, வேலை செய்யாது. புதுசு ஒண்ணு போயிருக்கு. அதைக் கேளுங்க."

உடனே தமிழ்ப்ரியாவே கூப்பிட்டாள். "கண்ணாடி கெடச்சுதுங்க. ஆனா ரெண்டு நம்பர் வந்திருக்குது. எதுங்க வேணும் உங்களுக்கு?"

"ரெண்டாவது. ரெண்டாவதைச் சொல்லு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது."

"ரெண்டாவதுதான். நான் சொல்றேன்ல?"

"ஓ.டி.பி.ய யாருகிட்டயுங் குடுக்காதீங்கன்னு பேங்க்ல தெனம் மெசேஜ் வருதுங்களே?"

"கட்டின புருஷனுக்குக் குடுக்கலாம்."

"அப்பச் சரிங்க. உங்க இஷ்டம்." ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். சந்துரு அதைத் திருப்பி உரக்கச் சொன்னான். சுரேந்தர் தட்டினான். டேப்லெட்டில் பச்சையாக ஒரு டிக் வந்தது. வண்டி உள்ளே போயிற்று.

சந்துரு சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். காபி நன்றாக இருந்தது. ஊரும் நன்றாக இருந்தது. லைட் பார்க்கப் போன அன்று தோளில் இருந்த கை ஞாபகம் வந்தது. மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வருஷத்துக்கு ஒரு தரம் ஆட்டோவின் மேல் கூரையைக் கழற்றச் சொல்லி அவளை லைட் பார்க்க அழைத்துப்போகலாம் என்று முடிவு செய்து மனசைச் சமாதானப்படுத்தினான்.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தமிழ்ப்ரியா இறங்கினாள். நல்ல பட்டுப்புடவை. கையில் புத்தம்புது ஹெல்மெட்.

"நீ எப்படி இங்கே?" காபி சட்டையில் சிந்தியது.

"காத்து பிடிச்சாச்சுங்களா?" என்றாள் அவள்.

அதற்குள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குஞ்சம் முன்னைவிட ஜோராக ஆடியது. நீளச் சீட்டு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பின்சக்கரத்தின் இடது பக்கம் பளபளவென்று ஒரு கம்பிக் கூடு புதிதாக முளைத்திருந்தது. பின்னால் உட்கார்கிற பெண்களின் சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இருக்க மாட்டுகிற சாரி கார்டு.

"யாருய்யா இதை மாட்டச் சொன்னது?" சந்துரு அலறினான்.

சுரேந்தர் இரண்டடி பின்னால் போனான். "நீங்கதான் சார். ரெண்டாவது ஓ.டி.பி. சாரி கார்டுக்கு. எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொன்னீங்களே."

சந்துரு மனைவி பக்கம் திரும்பினான். அவளுக்குக் கோபம் இருப்பதாகவே தெரியவில்லை. அவன் சட்டையில் சிந்திய காபியைத் தன் கைக்குட்டையால் ஒற்றியெடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க ஆபீஸ்லருந்து வர்றதுக்கு முன்னாடியே இவரு போன் பண்ணிட்டாருங்க, சீட்டு மாறிப்போச்சு மேடம்னு. எங்க வூட்டுக்காரரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். நீங்க வந்து, எனக்குன்னே சொல்லிச் செஞ்சேன்னீங்க. உங்க வார்த்தைய வுட்டுட்டு, சர்வீஸ் சென்டர் வார்த்தையவா நம்புவேன்? தப்பெல்லாம் ஒண்ணும் நடக்கலைங்கன்னு அப்பவே இவருகிட்டச் சொல்லிட்டேன்."

சந்துரு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவளும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புடவையைச் சாரி கார்டின் மேல் வாகாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கை மறுபடி அவன் தோளுக்கு வந்தது. எங்கேயோ அடி ஆழத்தில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை பற்றிப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு டீ சொன்னால் போதும்.

இருந்தாலும் ஆம்பிளை ஆயிற்றே. கிளம்பும்போது கடைசியாக ஒரு தரம் அலமாரிப் பக்கம் பார்த்தான்.

"சுரேந்தர், அந்த ஒத்தை சீட்டையாவது ஒரு பையில போட்டுக் குடு. வீட்டுல ஒரு ஓரமா கெடக்கட்டும்."

"குடுக்கலாம் சார். ஸ்டோர்லருந்து வெளிய எடுக்க ஒரே ஒரு ஓ.டி.பி. மேடம் போனுக்கு இப்ப வரும்."

வந்தது. சந்துருவின் முதுகுக்குப் பின்னால் டிங் என்று சத்தமும் கேட்டது. தமிழ்ப்ரியா போனைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கண்ணாடிய வூட்லயே வெச்சுட்டு வந்துட்டனுங்க," என்றாள்.